ரோட்டரி எஞ்சின் காரில் ஸ்பார்க் பிளக் மாற்றுவது எப்படி: மாஸ்டா ஆர்எக்ஸ்-8க்கான முழுமையான வழிகாட்டி

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காரில் இரண்டு ரோட்டார்கள் (பிஸ்டனுக்குப் பதிலாக உள்ளே சுற்றும் முக்கோணத் துண்டுகள்), நான்கு ஸ்பார்க் பிளக்குகள். நான்கும் எஞ்சினின் இடது பக்கத்தில், கொஞ்சம் தாழ்வாக உட்கார்ந்திருக்கும். கையில் சாதாரண கருவிகள் இருந்து, அவசரப்படாமல் செய்தால் வீட்டிலேயே முடிக்கக்கூடிய வேலைதான். ஆனால் பிஸ்டன் எஞ்சினில் பிளக் மாற்றிப் பழகியவர்கள் அதே பழக்கத்தில் இதில் கை வைக்கக் கூடாது. எந்தப் பிளக் எந்தத் துளைக்கு, எவ்வளவு இறுக்குவது, கழற்றிய பிளக்கை எப்படிப் பார்ப்பது என்று எல்லாவற்றுக்கும் ரோட்டரியில் தனிக் காரணம் உண்டு.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரோட்டரியில் பிளக் மாற்றுவது தள்ளிப்போடக் கூடாத வேலை. தேய்ந்த பிளக்கில் தீப்பொறி தாவ அதிக மின்னழுத்தம் வேண்டும். அந்தச் சுமை, மின்னழுத்தத்தை உயர்த்திப் பிளக்குக்கு அனுப்பும் காயிலின் தலையில் விழும். காயில் சோர்ந்தால் பெட்ரோல் சரியாக எரியாமல் வெளியேறி, புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். கன்வெர்ட்டர் உருகி அடைத்துக்கொண்டால் புகை வெளியேற வழியில்லாமல் எஞ்சினே சூடேறும். பல ஆர்எக்ஸ்-8களின் எஞ்சின் கெட்ட கதையைப் பின்னோக்கிப் பார்த்தால் கவனிக்காமல் விட்ட பிளக்கும் காயிலும்தான் வந்து நிற்கும்.

ஒரு ரோட்டாருக்கு ஏன் இரண்டு பிளக்?

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ரோட்டரி எஞ்சினின் எரியறை நீளமானது, மெல்லியது, நகர்ந்துகொண்டே இருப்பது. ஒரே இடத்தில் பற்றவைத்தால் தீ கடைசி வரை போய்ச் சேர்வதற்குள் அறை நகர்ந்துவிடும். அதனால்தான் 1967-இல் வந்த காஸ்மோ ஸ்போர்ட்டிலிருந்தே மாஸ்டா ஒரு ரோட்டாருக்கு இரண்டு பிளக் வைத்தது. 1991-இல் லெ மான் பந்தயத்தை வென்ற 787பி காரின் எஞ்சினில் ஒரு ரோட்டாருக்கு மூன்று பிளக்குகள் இருந்தன.

இரண்டில் கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது ட்ரெய்லிங். எரிப்பின் பெரும்பகுதியை லீடிங் பார்த்துக்கொள்கிறது. அறையின் பின்பகுதியில் மிஞ்சுவதை எரிக்க ட்ரெய்லிங் உதவுகிறது. ரோட்டாரின் முனையில் வாயு கசியாமல் தடுக்கும் அபெக்ஸ் சீல் ஒவ்வொரு சுற்றிலும் இந்த இரண்டு துளைகளையும் உரசிக் கடந்து போகும். மேல் துளையைக் கடக்கும் நேரத்தில் சீலின் இரு பக்கமும் அழுத்த வித்தியாசம் அதிகம். துளை பெரிதாக இருந்தால் அதன் வழியாக ஒரு அறையின் வாயு அடுத்த அறைக்கு ஒழுகிவிடும். அதனால் ட்ரெய்லிங் துளையை மிகச் சிறிதாகவே வைத்திருக்கிறார்கள். லீடிங் துளை பெரியது. டார்ச் அடித்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

சூட்டையும் கவனிக்க வேண்டும். பிஸ்டன் எஞ்சினில் ஒவ்வொரு முறையும் குளிர்ந்த பெட்ரோல் காற்று உள்ளே வந்து பிளக்கின் முனையைக் கொஞ்சம் ஆற்றிவிடும். ரோட்டரியில் காற்று நுழைவது ஒரு பக்கம், பிளக் இருப்பது மறுபக்கம். பிளக்கிடம் வந்து சேரும் கலவை ஏற்கெனவே நசுங்கிச் சூடானது. போதாததற்கு, முதன்மைத் தண்டு சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு ரோட்டாரிலும் ஒரு எரிப்பு நடக்கிறது. நாலு ஸ்ட்ரோக் பிஸ்டன் எஞ்சினில் இது இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான்.

ஆக, இந்த எஞ்சினுக்கென்றே செய்த பிளக்தான் வேண்டும். மரை பொருந்துகிறதே என்று வேறு பிளக்கைப் போட்டு அதன் முனை துளையைத் தாண்டி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால், அபெக்ஸ் சீல் அதில் மோதி எஞ்சின் அங்கேயே முடிந்துவிடும்.

எந்தப் பிளக் வாங்குவது?

என்ஜிகே தயாரிப்பில் லீடிங்குக்கு ஆர்இ7சி-எல், ட்ரெய்லிங்குக்கு ஆர்இ9பி-டி. கடைசி எழுத்தே இடத்தைச் சொல்லிவிடுகிறது: எல் என்றால் லீடிங், டி என்றால் ட்ரெய்லிங். ஒவ்வொன்றிலும் இரண்டு வேண்டும். நடுவில் உள்ள எண் வெப்பத் தரம். என்ஜிகே கணக்கில் எண் கூடக் கூட பிளக் வெப்பத்தை வேகமாக இறக்கிவிடும். 7-ஐ மேல் துளையில் போட்டால் அது அளவுக்கு மீறிச் சூடாகி, நேரத்துக்கு முன்பே கலவையைப் பற்றவைக்கலாம். அபெக்ஸ் சீலை உடைப்பதில் அதற்கு நிகர் எதுவும் இல்லை. 9-ஐக் கீழே போட்டால் கரி எரிந்து போகும் அளவுக்கு முனை சூடாகாமல் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். டர்போ போட்ட பந்தய வண்டிகளில் நான்கிலும் 9 போடுபவர்கள் உண்டு. தெருவில் ஓடும் வண்டிக்கு அது வேண்டாம்.

ஆர்எக்ஸ்-7 வைத்திருப்பவர்களுக்கு வேலையின் முறை ஏறக்குறைய இதேதான், பிளக்கின் மாடல் எண் மட்டும் வேறு. உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்தே வாங்குங்கள்.

இந்தப் பிளக்குகளில் இடைவெளியைச் சரிசெய்யும் வேலை கிடையாது. இடைவெளியை அளக்கும் கேஜை உள்ளே விட்டு நெம்பினால் முனை உடையும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் கூடாது.

எப்போது மாற்றுவது? கையேட்டில் ஒரு தூரம் போட்டிருப்பார்கள். அது வரை காத்திருக்காமல் 40,000 கிலோமீட்டரைத் தாண்டியதும் மாற்றிவிடுவது நல்லது என்பது என் கருத்து. அடிக்கடி குறைந்த தூரமே ஓடும் வண்டி என்றால் இன்னும் முன்னாலேயே. ரோட்டரி எஞ்சின் சீல்களுக்காக எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக அறைக்குள் விட்டு எரிக்கிறது. அந்தச் சாம்பல் பிளக்கில்தான் படியும்.

தேவையான கருவிகள்

உள்ளே ரப்பர் வைத்த 21 மி.மீ. பிளக் சாக்கெட், 3/8 அங்குல ராட்செட், குட்டையாக ஒன்றும் நீளமாக ஒன்றுமாக இரண்டு எக்ஸ்டென்ஷன், கொஞ்சம் வளைந்து கொடுக்கும் ஜாயின்ட், இறுக்கும் விசையை (டார்க்) அளக்கும் டார்க் ரெஞ்ச், ஜாக், ஜாக் ஸ்டாண்ட், நல்ல டார்ச், மார்க்கர், ஒட்டு டேப். இவற்றோடு பிளக்கின் தலையில் இறுக்கமாகப் பொருந்தும் ஒரு அடி நீள ரப்பர் ஹோஸ் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கருவி அதுதான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வண்டியைத் தயார் செய்தல்

எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ரோட்டாரைச் சுற்றியுள்ள உறையான ஹவுசிங் அலுமினியம், பிளக்கின் மரை இரும்பு. சூட்டோடு கழற்றினால் அலுமினிய மரை பிய்ந்துகொண்டு வரும். ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் வேலை செய்வது உத்தமம்.

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். இடது முன் சக்கரத்தின் நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே லேசாக இளக்கி விடுங்கள். அப்புறம் கையேட்டில் காட்டியிருக்கும் இடத்தில் ஜாக் வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி, சக்கரத்தைக் கழற்றுங்கள். வெறும் ஜாக்கை நம்பி ஒருபோதும் கையையோ தலையையோ உள்ளே விடாதீர்கள். கழற்றிய சக்கரத்தை வண்டியின் ஓரத்துக்கு அடியில் தள்ளி வைத்தால் அது இன்னொரு பாதுகாப்பு.

மேலே பானெட்டைத் திறந்து கையை இறக்கியும் சிலர் செய்கிறார்கள். பிளக் கண்ணுக்குத் தெரியாமல் கைத் தடவலில் செய்ய வேண்டியிருக்கும் என்பதால் எனக்கு அது உடன்பாடில்லை. சக்கரத்தைக் கழற்றிவிட்டால் அந்த இடைவெளி வழியாக எஞ்சினின் பக்கவாட்டைப் பார்க்கலாம். அடியில் உள்ள பிளாஸ்டிக் மூடியையும் எடுத்துவிட்டால் வெளிச்சமும் இடமும் தாராளமாகக் கிடைக்கும். வலது பக்க ஸ்டியரிங் வண்டியில் ஸ்டியரிங் தண்டு இந்தப் பக்கம் குறுக்கே வராது என்பதால் வேலை இன்னும் சுலபம்.

கேபிள்களுக்கு அடையாளம்

எதையும் பிடுங்குவதற்கு முன் ஒரு போட்டோ எடுங்கள். பிறகு ஒவ்வொரு கேபிளிலும் டேப் சுற்றி எழுதுங்கள்: முன் லீடிங், முன் ட்ரெய்லிங், பின் லீடிங், பின் ட்ரெய்லிங். ரேடியேட்டர் பக்கம் இருப்பது முன் ரோட்டார். லீடிங்கும் ட்ரெய்லிங்கும் தீப்பொறி விடும் நேரமே வேறு. அதனால் கேபிளை மாற்றிச் செருகினால் எஞ்சின் குலுங்கும், கன்வெர்ட்டருக்கும் ஆபத்து. கையில் நேரம் இருந்தாலும், எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றாமல் ஒரு கேபிள், ஒரு பிளக் என்று ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு போவதே நல்லது.

கேபிளை ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. முனையில் உள்ள ரப்பர் உறையைப் பிடித்து, இப்படியும் அப்படியும் கால் சுற்று திருகி, ஒட்டுதல் விட்டதும் நேராக இழுங்கள். ரப்பர் வெடித்திருந்தாலோ, உள்ளே பச்சையாகப் பூத்திருந்தாலோ, வெள்ளைக் கோடு போல மின்சாரம் ஓடிய தடம் தெரிந்தாலோ கேபிளையும் மாற்றிவிடுங்கள். காயில்களும் எஞ்சினை ஒட்டியே சூட்டில் இருப்பவை. இந்த வண்டியில் அவை சீக்கிரம் சோர்ந்து போகும் என்பது ஊரறிந்த விஷயம். அவை என்றைக்கு மாற்றப்பட்டன என்றே தெரியாத பழைய வண்டியை வாங்கியிருந்தால், பிளக், கேபிள், காயில் மூன்றையும் ஒரே தடவையில் புதிதாகப் போட்டுவிடுவதைத்தான் சொல்வேன். பிறகு எது எப்போது மாறியது என்ற கணக்கு உங்கள் கையில் இருக்கும்.

பழைய பிளக்கைக் கழற்றுதல்

முதலில் துளையைச் சுற்றி இருக்கும் தூசியையும் மணலையும் காற்றடித்து ஊதி விடுங்கள். ஒரு சின்னக் கல் உள்ளே விழுந்தால், அபெக்ஸ் சீல் அதை ஹவுசிங்கின் மேல் இழுத்துக்கொண்டு போகும். அந்தக் கீறலை யாராலும் சரிசெய்ய முடியாது.

சாக்கெட்டைப் பிளக்கின் மேல் நேராக, கடைசி வரை தள்ளி உட்கார வையுங்கள். பாதியில் நின்றால் பீங்கான் உடையும். குட்டை எக்ஸ்டென்ஷனே போதுமானால் அதையே வையுங்கள். வளையும் ஜாயின்ட் கூடக் கூட சாக்கெட் சாயும். கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். முதலில் ஒரு ‘டக்’ வரும், பிறகு இலகுவாகச் சுற்றும். அப்படி இல்லாமல், இளகிய பிறகும் கரகரவென்று பிடித்துக்கொண்டே வந்தால் நிறுத்துங்கள். கொஞ்சம் ஊடுருவும் எண்ணெயை விட்டு, சற்றுப் பொறுத்து, கால் சுற்று திரும்ப இறுக்கி, அரைச் சுற்று இளக்கி, இப்படியே முன்னும் பின்னுமாக வெளியே கொண்டுவாருங்கள். பலத்தைக் காட்டினால் மரையோடு வந்துவிடும்.

எடுத்த பிளக்குகளைக் கலக்காமல், எந்தத் துளையிலிருந்து வந்ததோ அந்தப் பெயரோடு வரிசையாக வையுங்கள். அடுத்த பகுதிக்கு அது அவசியம்.

பழைய பிளக் என்ன சொல்கிறது?

எஞ்சினைத் திறக்காமலே அதன் உள்ளே பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு இது. வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பாருங்கள்.

ரோட்டரியின் பிளக் பிஸ்டன் எஞ்சின் பிளக்கைப் போலச் சுத்தமாக இருக்காது. எண்ணெய் எரிவதால் பீங்கானிலும் முனையிலும் மண் நிறத்திலோ சாம்பல் நிறத்திலோ மெல்லிய படிவு இருப்பது இயல்புதான். கறுப்பாக, தொட்டால் கையில் ஒட்டும் உலர்ந்த கரி இருந்தால் எஞ்சின் சூடாகும் முன்பே நிறுத்தி நிறுத்தி ஓட்டியிருக்கிறார்கள், அல்லது பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது தீப்பொறி பலவீனம். பெட்ரோல் நாற்றத்தோடு ஈரமாக இருந்தால் அந்தத் துளையில் தீப்பொறியே வரவில்லை என்று சந்தேகிக்கலாம். நான்கில் ஒன்று மட்டும் ஈரமாக இருந்தால் அந்தக் காயிலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பீங்கான் வெள்ளை வெளேரென்று, சின்னச் சின்னக் கொப்புளங்களோடு இருந்தால் அளவுக்கு மீறிய சூடு. பெட்ரோல் குறைவாகப் போகிறதா, தவறான வெப்பத் தரப் பிளக்கை யாராவது போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பழைய வண்டியில் மேலும் கீழும் மாற்றிப் போடப்பட்ட பிளக்குகள் கிடைப்பது உண்டு. கழற்றும்போதே கடைசி எழுத்தைப் படித்துவிடுங்கள்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஒரு ரோட்டாரின் பிளக்குகள் மட்டும் ஈரமாக, பெட்ரோல் வாசனை இல்லாமல் இனிப்பு வாசனையோடு இருந்தால், அது கூலன்ட். ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகையும், கூலன்ட் அளவு குறைவதும் சேர்ந்துகொண்டால் உள்ளே கூலன்ட் சீல் போய்விட்டது என்று பொருள். அதைப் புதுப் பிளக் சரிசெய்யாது.

முனையில் உலோகத் துண்டு உடைந்து காணாமல் போயிருந்தாலோ, முனை நசுங்கியிருந்தாலோ, புதுப் பிளக்கைப் போடும் முன் கம்ப்ரஷன் (அறைக்குள் உண்டாகும் அழுத்தம்) சோதனை செய்துவிடுங்கள். அந்தத் துண்டோ, உடைந்த சீலின் துண்டோ உள்ளே போயிருக்கிறது.

புதுப் பிளக்கைப் பொருத்துதல்

பெட்டியிலிருந்து எடுத்ததும் பீங்கானில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். கீழே விழுந்த பிளக்கைப் போடாதீர்கள். மரைக்கு கிரீஸ் எதுவும் தடவ வேண்டியதில்லை. பிளக்கின் மேல் உள்ள பூச்சே போதும். வழவழப்பாக ஏதாவது தடவினால், அதே டார்க்கில் மரை உண்மையில் அதிகமாக இறுகிவிடும்.

இப்போது அந்த ரப்பர் ஹோஸ். பிளக்கின் தலையை ஹோஸுக்குள் செருகி, அதைப் பிடித்துக்கொண்டு பிளக்கைத் துளைக்கு நேராகக் கொண்டுபோங்கள். முதலில் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் மெல்லத் திருப்புங்கள். மரையின் தொடக்கங்கள் சந்திக்கும் இடத்தில் பிளக் இம்மியளவு உள்ளே இறங்குவது விரலுக்குத் தெரியும். அந்த இடத்தில் நிறுத்தி, இப்போது கடிகாரத் திசையில் திருப்புங்கள். சரியாகப் பிடித்திருந்தால் வெறும் விரல் பலத்திலேயே பல சுற்று ஓடி உள்ளே போகும். கோணலாகப் பிடித்திருந்தால் ஹோஸ் பிளக்கின் மேல் வழுக்கிவிடும். மரையைக் கெடுக்கும் அளவுக்குப் பலமே அதற்குக் கிடையாது. ராட்செட்டைக் கையில் எடுத்தால் இந்த எச்சரிக்கை உங்களுக்குக் கிடைக்காது. வழுக்கினால் பின்னோக்கி எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள். எத்தனை தடவை ஆனாலும் பரவாயில்லை.

கையாலேயே அடி வரை போய் உட்கார்ந்த பிறகுதான் டார்க் ரெஞ்ச். அளவு 13 முதல் 17 நியூட்டன் மீட்டருக்குள். கையில் இது மிகக் குறைவாகத் தோன்றும். இன்னும் கொஞ்சம் இறுக்கலாமே என்று மனசு சொல்லும். இறுக்காதீர்கள். அலுமினிய மரைக்கு அவ்வளவுதான்.

கேபிளின் ரப்பர் உறைக்குள் மின்சாரம் கடத்தாத டை-எலக்ட்ரிக் கிரீஸ் ஒரு துளி தடவி, ‘க்ளிக்’ என்று உட்காரும் வரை தள்ளுங்கள். மெல்ல இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. நான்கையும் முடித்ததும் டேப்பில் எழுதியதையும் போட்டோவையும் ஒப்பிட்டு ஒருமுறை சரிபாருங்கள். சக்கரம், அடி மூடி, பேட்டரி எல்லாவற்றையும் திரும்பப் பொருத்துங்கள். சக்கர நட்டுகளைக் கையேட்டில் உள்ள டார்க்குக்கு, குறுக்கும் நெடுக்குமாக இறுக்குங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டியதால் டிஎஸ்சி (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரியலாம். எஞ்சின் ஓடும்போது ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பினால் அணைந்துவிடும்.

முதல் ஸ்டார்ட்

ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சில நொடிகள் கரகரத்துப் புகைந்தால் பயப்பட வேண்டாம். பிடித்துக்கொண்டதும், வெப்பம் காட்டும் முள் இயல்பான இடத்துக்கு வரும் வரை ஓட விடுங்கள். ரோட்டரியைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் நகர்த்தி, உடனே அணைப்பதுதான் பிளக்கை பெட்ரோலில் நனைக்கும் நேரான வழி. புதுப் பிளக்கும் இதற்கு விலக்கில்லை. அப்படி நனைந்து ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்திக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற விடுங்கள். அந்த நிலையில் பெட்ரோல் வருவது நின்று, காற்று மட்டும் போய் அறையைக் காயவைக்கும். சில நொடிகள் சுற்றி, ஸ்டார்ட்டர் ஆற இடைவெளி விட்டு, மறுபடி செய்யுங்கள்.

அப்படியும் குலுங்கினால்

எஞ்சின் எச்சரிக்கை விளக்கு விட்டு விட்டு எரிந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குப் போகிறது என்பதற்கான அறிவிப்பு அது. கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் பி0301 வந்தால் முன் ரோட்டார், பி0302 வந்தால் பின் ரோட்டார். முதலில் கேபிள் நன்றாக உட்கார்ந்திருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்த ரோட்டாரின் லீடிங் காயிலை மற்ற ரோட்டாரின் லீடிங் காயிலோடு இடம் மாற்றிப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. ட்ரெய்லிங்குக்கும் இதே சோதனைதான். ஆனால் ட்ரெய்லிங் செத்தால் வண்டி பெரிதாகக் குலுங்காது. இழுவை குறையும், பெட்ரோல் அதிகம் குடிக்கும். அதனால் அதைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும்.

காயிலும் கேபிளும் சரி, இருந்தும் ஒரு ரோட்டார் சரியாக எரியவில்லை என்றால் கம்ப்ரஷன் சோதனைதான் மிச்சம். பிஸ்டன் எஞ்சினுக்கான சாதாரண கேஜ் ஒரு ரோட்டாரின் மூன்று முகங்களில் மிக அதிகமான அளவை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு, கெட்ட முகத்தை மறைத்துவிடும். மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி கம்ப்ரஷன் டெஸ்டர் உள்ள பட்டறைக்கே எடுத்துச் செல்லுங்கள். ஆர்எக்ஸ்-8க்கு, ஸ்டார்ட்டர் 250 ஆர்பிஎம் வேகத்தில் சுற்றும்போது ஒவ்வொரு முகத்திலும் குறைந்தது 680 கிலோபாஸ்கல் இருக்க வேண்டும். அதை அளக்கும்போது ஸ்டார்ட்டர் சுற்றிய வேகத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வேகம் தெரியாமல் அழுத்தத்தை மட்டும் வைத்து எஞ்சினைப் பற்றி ஒரு முடிவுக்கும் வர முடியாது.